கலாநிதிப் பட்டத்திற்குப் பின்: துறைகடந்த ஆய்வுப் பதவிகளும் தீவகமும்

1

ஈழத்துப் பல்கலைக்கழகக் கல்வி பற்றிய விவாதங்களிலே அனுமதி, போதனாமொழி, தரப்படுத்தல், பட்டதாரிகளின் வேலையின்மை ஆகியன பெற்ற இடத்தை ஆய்வுப் பதவிகள் என்னும் விடயம் பெற்றதில்லை. கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் அதன் பின்னர் யாது செய்கிறார் என்ற வினாவுக்கு எம்மிடையே வழங்கும் விடை பெரும்பாலும் ஒன்றேயாகும்: அவர் விரிவுரை நிகழ்த்துகிறார். பட்டம் பெறுவதற்கு முன்னர் நிகழ்த்திய விரிவுரைகளையே பின்னரும் நிகழ்த்துகிறார், விடைத்தாள்களைத் திருத்துகிறார், பீடச் சபையில் அமர்கிறார், சில ஆண்டுகளிலே துறைத்தலைவராகிறார். அவருடைய ஆய்வேடு நூலுருப் பெறாமல் நூலகத்தில் இருக்கின்றது.

இந்நிலை இயற்கையானதன்று, ஒரு குறிப்பிட்ட நிருவாக ஒழுங்கின் விளைவாகும். மேலைநாடுகளிலே கலாநிதிப் பட்டத்திற்கும் நிலையான ஆசிரியப் பதவிக்கும் இடையில், சில ஆண்டுகள் ஆய்வை மட்டுமே தொழிலாகக் கொண்டிருக்கும் பதவியொன்று கடந்த நூற்றாண்டில் உருவாயிற்று. இதனைக் கலாநிதிப்பட்டப் பின்னாய்வுப் பதவி எனலாம். சுருக்கம் கருதி ஈண்டுப் பின்னாய்வுப் பதவி என்றே குறிப்பிடுவோம். 1919இல் றொக்பெல்லர் நிதியத்தின் பொருளுதவியுடன் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் பௌதிகம், இரசாயனம் ஆகிய துறைகளில் இத்தகைய பரிசில்களை வழங்கத் தொடங்கியது. முதலாம் உலகப்போர் முடிந்த காலம் அது. விஞ்ஞானம் போருக்கும் கைத்தொழிலுக்கும் எத்துணை பயன்படும் என்பதை அரசும் மூலதனமும் உணர்ந்திருந்தன. 1933இல் ஹாவாட் பல்கலைக்கழகம் நிறுவிய ஆய்வாளர் கழகம் வேறொரு வகையினது. எத்துறையைச் சேர்ந்தவராயினும் இளம் ஆய்வாளர் சிலரைத் தெரிந்தெடுத்து, பாடநெறியோ பரீட்சையோ இன்றிச் சில ஆண்டுகள் தாம் விரும்பியதை ஆராய விடுவதே அதன் நோக்கமாகும். இவ்விரு வகைகளுக்குமிடையிலுள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. முன்னையது ஒரு துறைக்கு ஆளைத் தேடியது. பின்னையது ஓர் ஆளுக்கு அவகாசத்தைத் தேடியது.

இந்தியாவிலே பல்கலைக்கழக மானியக் குழு விஞ்ஞானத் துறைகளுக்கு டி. எஸ். கோத்தாரியின் பெயரிலும், மொழிகள் உள்ளிட்ட மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்கு எஸ். இராதாகிருஷ்ணனின் பெயரிலும் பின்னாய்வுப் பரிசில்களை ஏற்படுத்தியது. அங்கு அப்பரிசில்கள் தோன்றியமை வரவேற்கத்தக்கதே; ஆயின் இரு பெயர்கள், இரு பட்டியல்கள் என்னும் அப்பிரிவினையிலேயே துறைகளுக்கிடையிலான மதில் மீளவும் எழுப்பப்பட்டுவிட்டது. இலங்கையிலோ அந்த அளவுகூட நிகழவில்லை. எமது பல்கலைக்கழக ஆளணியில் விரிவுரையாளர் முதற் பேராசிரியர் வரையுள்ள படிகள் அனைத்தும் போதனைப் படிகளே. அவற்றினிடையே பின்னாய்வுப் பதவி ஒரு நிலையான படியாக இடம்பெறவில்லை. ஏழாண்டுக்கொரு முறை கிடைக்கும் ஆய்வு விடுமுறையைப் பலர் வெளிநாட்டிலேயே கழிக்க நேர்கின்றது.

இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்து பின்வருமாறு: கலாநிதிப் பட்டம் ஒருவருக்கு ஒரு துறையைத் தருகின்றது, அத்துறையின் எல்லையைக் கடந்து ஒரு வினாவை முழுமையாக எதிர்கொள்ளும் ஆற்றல் அதன் பின்வரும் சில ஆண்டுகளிலேயே முதிர்கின்றது. அந்த ஆண்டுகளையே எமது பல்கலைக்கழகங்கள் ஆய்வாளரிடமிருந்து பறித்துக்கொள்கின்றன. இதனால் எமது மண்ணுக்குரிய வினாக்கள் கேட்கப்படாமற் போகின்றன. அன்றேல் அவகாசமுள்ள பிறரால் அவர்தம் தேவைக்கேற்பக் கேட்கப்படுகின்றன. இதனை யாழ்ப்பாணத் தீவகத்தை ஆதாரமாகக் கொண்டு நோக்குவோம்.

2

தீவகத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அங்கு எழும் எந்தவொரு முக்கியமான வினாவும் தனியொரு துறைக்குள் அடங்குவதில்லை.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று உள்ளது. 12ஆம் நூற்றாண்டுக்குரிய அக்கல்வெட்டு, ஊராத்துறைக்கு, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகள் காக்கப்படவேண்டும் என்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் எனவும், வாணிபச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தாற் பாதிக்குப் பாதி எனவும் விதிக்கின்றது. இதனைக் கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டு ஆராய்ந்தார். கல்வெட்டெழுத்தை வாசித்தல் சாசனவியலாளர் பணி. ஆயின் சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் ஏன் ஆணை பொறித்தான் என்பது சமூக மொழியியல் சார்ந்தது. உடைந்த கலத்தின் பங்கீடு கடற்சட்ட வரலாறு சார்ந்தது. யானைக்கும் குதிரைக்கும் வழங்கப்பட்ட சலுகை படைபல அரசியலோடும் அயல்நாட்டு வாணிபத்தோடும் தொடர்புற்றது. கலங்கள் அங்கு ஏன் உடைந்தன என்பதோ காற்று, நீரோட்டம், பார்கள் பற்றிய கடலியலறிவை வேண்டுவது. சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுச் சாசனம் இதே பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களிலே படை திரட்டிக் கலம் கட்டியதாகக் கூறுகின்றது. இரு சாசனங்களையும் ஒருங்கு வைத்துத் துறைமுகத்தின் முழு வரலாற்றை எழுதுவதாயின் ஒருவருக்குச் சில ஆண்டுகள் வேண்டும். வாரத்திற்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் விரிவுரை நிகழ்த்துபவராற் கட்டுரை எழுதலாம். இந்நூலை எழுதுதல் அரிது.

அல்லைப்பிட்டியை அடுத்து நோக்கலாம். 1970களின் பிற்பகுதியில் ஜோன் காஸ்வெல் என்னும் பிரித்தானிய அறிஞர் அங்கு சீனத்துச் சொங் அரச மரபுக் காலத்துப் பீங்கான் ஓடுகளைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். நாற்பது ஆண்டுகளின் பின், 2018இல், சாங்காய் அருங்காட்சியகத்தினர் இலங்கை மத்திய கலாசார நிதியத்துடன் இணைந்து அவ்விடத்தில் அகழ்ந்தனர். அவர்களின் புலமையைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஆயின் சீனப் பீங்கானைத் தேடி வருவோர் சீனத்துக் கடல்வாணிபத்தின் வரலாற்றையே எழுதுவர். அஃது அவர்களின் வினா. அப்பீங்கானை இறக்கிய கூலியாள் யார், அதற்கு மாற்றாக ஏற்றப்பட்ட பொருள் எவ்வூரில் விளைந்தது, அக்கரையில் வாழ்ந்தோர் யாவர் என்பன எமது வினாக்கள். அவற்றைக் கேட்பதற்கு முழுநேர ஆய்வாளர் எம்மிடம் இல்லாதிருந்தமையே இங்குக் குறிப்பிடத்தக்கது.

மூன்றாவதாகச் சாட்டி. வேலணைத் தீவின் தென்கரையில் உள்ள அம்மணற்பாங்கான நிலம் இருவகையிற் புகழ்பெற்றது. பண்டைக் குடியிருப்பின் சான்றுகள் அங்குக் கிடைத்தமையை 1987இல் வெளிவந்த பொ. இரகுபதியின் யாழ்ப்பாணத்துத் தொல்குடியிருப்புகள் பற்றிய ஆய்வுநூல் எடுத்துக்காட்டிற்று. தீவகத்தின் ஏனைய இடங்கள் பலவற்றுக்கும் நன்னீர் வழங்குவதும் சாட்டிக் கிணறுகளே. தொல்குடிகள் அங்கு வாழ்ந்தமைக்கும் இன்று அங்கிருந்து நீர் எடுக்கப்படுவதற்கும் காரணம் ஒன்றேயாகலாம். சுண்ணாம்புக் கல்லின்மீது உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கும் மழைநீர்தான் தீவக நிலத்தடி நீரின் அடிப்படை. அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும். தொல்லியலாளர் குழியைத் தோண்டுகிறார். நீரியலாளர் கிணற்றை அளக்கிறார். இருவரும் ஒரே மணலில் நிற்கின்றனர், ஆயின் ஒருவரையொருவர் அறியார். மூன்றாவது ஒருவரும் அங்கு நிற்கவேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்திலே தாழ்த்தப்பட்டோர் பொதுக்கிணற்றில் அள்ளும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது என்பதை முற்போக்கு இயக்க வரலாற்றை அறிந்தோர் மறவார். நன்னீர் எங்கு உண்டு என்பது புவியியல் வினா. அதனை யார் அள்ளலாம் என்பது சமூகவியல் வினா. ஒன்றை விடுத்து மற்றதற்கு விடை கூறுதல் அரைகுறையாகவே முடியும்.

3

இத்தகைய துறைகடந்த ஆய்வு எம்மிடையே நிகழவேயில்லை எனக் கூறமுடியாது. நிகழ்ந்தது, ஆயின் அதற்குரிய அவகாசத்தைப் பல்கலைக்கழகம் வழங்கவில்லை.

ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடையே அமைந்த புளியங்கூடலிலிருந்து சில கட்டைத் தூரத்திலுள்ள கரம்பொன்னில் 1913இற் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். உறோமாபுரியில் இறையியல் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, பண்டைத் தமிழிலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து 1957இல் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றியது தமிழ்த்துறையிலன்று, கல்வித்துறையிலாகும். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். வத்திக்கான் நூலகத்திலிருந்த, 1679இல் அச்சிடப்பட்ட புறோவென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றார். இவ்வளவு பயணமும் தேடலும் அவருக்கு எவ்வாறு இயன்றன? துறவியாதலின் குடும்பச் சுமை இருக்கவில்லை; திருச்சபையின் உலகளாவிய தொடர்புகள் நூலகங்களின் கதவுகளைத் திறந்தன. அவர் பெற்ற பின்னாய்வுப் பதவியைத் திருச்சபை தந்தது எனலாம்.

க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் ஆராய்ந்தனர். தொம்சன் தமிழறிஞரல்லர், கிரேக்க இலக்கியப் பேராசிரியர், மார்க்சியவாதி. சங்க இலக்கியத்தையும் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தையும் ஆராயக் கிரேக்கப் பேராசிரியரிடம் சென்றமை தமிழியலில் ஒரு திருப்புமுனையாயிற்று என்பதை இன்று எவரும் மறுப்பதற்கில்லை. துறையெல்லையை மீறுவதன் பயனை அறிய இதைவிட வேறு சான்று வேண்டா. கைலாசபதி 1966இற் பட்டம் பெற்றார். ஆய்வேடு 1968இல் ஒக்ஸ்போட் வெளியீடாக வந்தது. ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968, ‘ஒப்பியல் இலக்கியம்’ 1969, ‘அடியும் முடியும்’ 1970 என நூல்கள் தொடர்ந்தன. பட்டத்திற்குப் பிந்திய ஐந்தாண்டுகளில் ஆய்வாளர் ஒருவர் எத்துணை விளைவு தரக்கூடியவர் என்பதற்கு இது சான்றாகும். 1974இல் அவர் யாழ்ப்பாண வளாகத்தின் முதற் தலைவரானார். கட்டட ஒப்பந்தம், ஆளணி, அனுமதி என்பன அவரது காலத்தைக் கொண்டன. 1982இல், ஐம்பது வயது நிறையுமுன், அவர் மறைந்தார். வளாகத்தைக் கட்டியெழுப்பியமை பெரும்பணிதான். ஆனால் எழுதப்படாத நூல்களின் கணக்கும் அதனோடு சேர்த்தே பார்க்கப்படல் வேண்டும். சிவத்தம்பியின் 1970ஆம் ஆண்டு ஆய்வேடு நூலாவதற்கு 1981 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்திரபாலாவின் நிலை இவற்றிலும் சிந்தனைக்குரியது. தமிழர் குடியேற்றங்களும் யாழ்ப்பாண அரசின் தோற்றமும் பற்றிய அவரது இலண்டன் ஆய்வேடு 1965க்குரியது. அதிற் கண்ட முடிவுகள் பலவற்றைத் தாமே மறுபரிசீலனை செய்து, தொல்லியல், மொழியியற் சான்றுகளை இணைத்து அவர் எழுதிய ஆங்கில நூல் 2005இற் சிட்னியிலிருந்து வெளிவந்தது. நாற்பது ஆண்டுகள்! 1980இல் ஆனைக்கோட்டையிற் கிடைத்த முத்திரை போன்ற புதிய சான்றுகள் இடையில் வெளிப்பட்டமையும், போர் யாவற்றையும் சிதறடித்தமையும் இத்தாமதத்திற்குக் காரணங்களே. எனினும் ஆய்வேட்டின் பழைய முடிவுகள் இனவாத அரசியலிற் கையாளப்பட்ட அந்நாற்பது ஆண்டுகளை எண்ணும்போது, ஓர் ஆய்வாளர் தமது ஆய்வைத் திருத்தியெழுத வேண்டிய காலத்தில் அதற்கான வசதி பெறாமை தனிமனித இழப்பு மட்டுமன்று என்பது புலனாகும்.

மேலே கூறிய பெயர்களுள் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. இது தற்செயலன்று. பட்டத்தின் பின்னான ஆண்டுகளைத் துறவினாலோ, வெளிநாட்டுப் பரிசிலினாலோ, இல்லத்தரசியின் ஊதியமற்ற உழைப்பினாலோ பெற்றுக்கொள்ளக்கூடியவர் ஆண்களாகவே இருந்தனர். ஊதியமுள்ள பதவி இல்லாதவிடத்து ஆய்வு சொத்துடையோர்க்கும் சுமையற்றோர்க்கும் உரியதாகிவிடுகின்றது. ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த முதற்தலைமுறைப் பட்டதாரிக்கும், குழந்தையைப் பராமரிக்கும் தாய்க்கும் காத்திருத்தல் இயலாத காரியம்.

4

பின்னாய்வுப் பதவிகளைக் கோருமிடத்து இரண்டு ஆட்சேபங்கள் எழுதல் கூடும். இரண்டையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

முதலாவது, வறிய நாடொன்றுக்கு இஃது ஆடம்பரம் என்பது. ஆசிரியர் பற்றாக்குறை நிலவும் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தாத ஒருவருக்கு ஊதியம் வழங்கலாமா என வினவுவர். 2012இற் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி நீண்ட வேலைநிறுத்தம் செய்தது. அக்கோரிக்கையைச் சம்பளப் போராட்டமாக மட்டும் கண்டோர் அதன் உட்பொருளை உணரவில்லை. ஆய்வில்லாத போதனை காலப்போக்கிற் பிறர் நூல்களின் குறிப்பாகச் சுருங்கும். தீவகத்தின் நீர், நிலம் பற்றிய அறிவு எம்மிடம் இல்லாவிடின், அவ்வறிவைத் திட்டத்துடன் சேர்த்து வெளியாரிடம் விலைக்கு வாங்க நேரிடும். ஆடம்பரம் எது என்பதை அப்போது மீளவும் கணக்கிடவேண்டியிருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் வன்மையானது. மேலைநாடுகளிலே பின்னாய்வுப் பதவி இன்று பெரும்பாலும் சுதந்திரமாக இல்லை. அது தற்காலிக உழைப்பாகிவிட்டது. ஆய்வுகூடங்களின் அன்றாட உழைப்பிற் பெரும்பகுதி, ஒப்பந்தத்தின் மேல் ஒப்பந்தமாக ஊர்விட்டு ஊர் செல்லும் இளம் கலாநிதிகளின் தோள்களிலேயே உள்ளது. புகழ் பேராசிரியருக்கு, நிச்சயமின்மை இவர்களுக்கு. எமது பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுக்காண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் தற்காலிக உதவி விரிவுரையாளர்களின் நிலையை அறிந்தோர், புதியதொரு பெயரில் இன்னொரு தற்காலிக வகுப்பு உருவாவதை அஞ்சுவது நியாயமே. ஆகவே மேலைநாட்டு அமைப்பை அவ்வாறே பெயர்த்து நடுதல் எமது கோரிக்கையன்று. 1919ஆம் ஆண்டு மாதிரியைவிட 1933ஆம் ஆண்டு மாதிரியின் உட்பொருளே எமக்கு வேண்டப்படுவது. அதனையும் செல்வந்தப் பல்கலைக்கழகமொன்றின் தனிச்சலுகையாக அன்றிப் பொதுநிதியில் இயங்கும் உரிமையாகப் பெறுதல் வேண்டும்.

5

அவ்வாறாயின் அப்பதவி எத்தகையதாக அமையவேண்டும்? புளியங்கூடல் போன்ற ஓர் ஊரை முன்வைத்து இதனைச் சிந்திக்கலாம்.

1990ஆம், 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபின் மீண்டவர் சிலரே. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோரின் வீடுகள் கூரையின்றி நிற்கின்றன. வளவுகளிற் பற்றை மண்டிக் கிடக்கின்றது. இவ்வூரின் வரலாற்றை எழுத முற்படும் ஆய்வாளர் ஒருவர் ஒல்லாந்தர் காலத் தோம்புகளை வாசிக்கவேண்டும். அதற்கு ஒல்லாந்த மொழியறிவு தேவை. காணியுறுதிகளை விளங்கிக்கொள்ள 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் தெரியவேண்டும். பங்காளிக்கும் உறவினர்க்கும் முதலில் வாங்கும் உரிமையை வழங்கும் அச்சட்டம், உரித்தாளர் மூன்று கண்டங்களிற் சிதறியுள்ள இக்காலத்திலே புதிய சிக்கல்களைத் தோற்றுவிக்கின்றது. இறைக்கப்படாது கிடக்கும் கிணறுகளின் நீர் மாறியுள்ளதா என அளக்கவேண்டும். எஞ்சியுள்ள முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்யவேண்டும். இவையனைத்தையும் ஒருவரே செய்தல் அரிது. ஆயின் இவையனைத்தும் ஒரே வினாவின் கூறுகள் என்பதை உணர்ந்த மூவரோ நால்வரோ ஒரே காலத்தில் ஒரே ஊரிற் பணிபுரிதல் இயலும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இதற்குரிய துறைகள் யாவும் உள்ளன. கலை, விஞ்ஞான, மருத்துவ பீடங்கள் யாழ்ப்பாணத்திலும் விவசாய, பொறியியற் பீடங்கள் கிளிநொச்சியிலும் இயங்குகின்றன. இல்லாதது அவற்றினிடையே நடமாடக்கூடிய ஆளே. எனவே, முதலாவதாக, பின்னாய்வுப் பதவி எந்தவொரு துறைக்கும் சொந்தமாகாது வினாவொன்றுக்கு உரியதாக அமைதல் வேண்டும். இரு வேறு பீடங்களைச் சேர்ந்த இருவர் அதற்கு வழிகாட்டலாம். இரண்டாவதாக, மூன்றாண்டுக்குக் குறையாத காலமும், விரிவுரையாளர்க்கு இணையான ஊதியமும், மகப்பேற்று விடுமுறை உள்ளிட்ட உரிமைகளும் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு பாடநெறிக்கு மேல் போதனைப் பொறுப்பு ஏற்றப்படலாகாது. மூன்றாவதாக, பதவியுயர்வுக்கான புள்ளித்திட்டம் போன்று கட்டுரைகளின் தொகையை எண்ணாது, காலமுடிவில் ஒரு முழுமையான நூல் எதிர்பார்க்கப்படல் வேண்டும். நான்காவதாக, அந்நூல் தமிழிலும் வெளிவரவேண்டும். அதன் முடிவுகள் ஆய்வுக்குட்பட்ட ஊரவர் முன்னிலையில் வாசிக்கப்பட்டு, அவர்களின் மறுப்புகளும் பதிவுசெய்யப்படல் வேண்டும். ஆய்வேடு ஊராரிடமிருந்து பெற்றதை ஊராரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இன்று எமது பட்ட விதிகளில் இல்லை.

தொடக்கத்தில் நான்கு பதவிகள் போதும். பெருந்திட்டங்களுக்காகக் காத்திருத்தல் இவ்விடயத்திற் பொருந்தாது. ஏனெனில் காலம் எமக்குச் சாதகமாக இல்லை. சாசனங்கள் கல்லில் உள்ளன. அவை இன்னும் சில தலைமுறைகளுக்குப் பொறுத்திருக்கும். மனிதர் அவ்வாறல்லர். 1990இல் முப்பது வயதினராய் ஊரைவிட்டுச் சென்றோர் இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டனர். எந்தக் கிணறு யாருடையது, எந்த வளவின் எல்லை எங்கு முடிந்தது, எந்தக் கிணற்றில் யார் அள்ளத் தடுக்கப்பட்டனர் என்பவற்றை நேரிற் கண்டறிந்த கடைசித் தலைமுறை அவர்களே. அவர்களிடம் கேட்பதற்குப் பயிற்சிபெற்ற இளங் கலாநிதிகள் எம்மிடையே உள்ளனர். அவர்கள் இவ்வேளையில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கின்றனர்.